வால்வு ஸ்பிரிங்: புதுசு போட்டால் மட்டும் போதுமா?

(இறுதியாண்டு, இயந்திரவியல் பிரிவு)



நம் ஆண்டு மலரில் கவிதை எழுதவும் கடி ஜோக் எழுதவும் ஆட்கள் நிறைய இருக்கிறார்கள். மெக்கானிக்கல் பையன் மெக்கானிக்கலைப் பற்றியே ஒன்று எழுதினால் என்ன என்று தோன்றியது. பழைய புல்லட் என்ஜினைப் பிரித்துக் கட்டும்போது வால்வு ஸ்பிரிங் மாட்டுவது எப்படி என்பதுதான் நான் எடுத்துக்கொண்ட விஷயம். "இதுல என்ன இருக்கு? அமுக்கி, லாக் போட்டு விட வேண்டியதுதானே" என்று சொல்பவர்கள் கொஞ்சம் பொறுமையாகப் படிக்கவும். சிவில், எலெக்ட்ரிக்கல் நண்பர்களுக்கும் புரியும்படிதான் எழுதியிருக்கிறேன்.

முதலில் ஸ்பிரிங்குக்கு என்ன வேலை என்று பார்ப்போம். நான்கு ஸ்ட்ரோக் என்ஜினில் வால்வைத் திறப்பது கேம். கேம் டாப்பெட்டைத் தூக்கும், டாப்பெட் புஷ்ராடைத் தூக்கும், புஷ்ராடு ராக்கரின் ஒரு முனையைத் தூக்கும், ராக்கரின் மறுமுனை வால்வைக் கீழே அமுக்கும். சரி, மூடுவது யார்? அதற்குக் கேம் ஒரு உதவியும் செய்யாது. ஸ்பிரிங்தான் மூட வேண்டும். வால்வை மட்டும் அல்ல. ராக்கர், புஷ்ராடு, டாப்பெட் என்று அந்தப் பரிவாரம் முழுவதையும் கேமோடு ஒட்டியே திருப்பிக் கொண்டுவர வேண்டியது ஸ்பிரிங்தான். புல்லட் 350 என்ஜின் ஏறக்குறைய 5,600 ஆர்.பி.எம்.மில் முழு சக்தி கொடுக்கும். கேம் அதில் பாதி வேகம். அப்படியென்றால் ஒரு வால்வு நொடிக்கு 46, 47 தடவை திறந்து மூடுகிறது. நாம் கண் சிமிட்டுவதற்குள் பத்துத் தடவை தாண்டிவிடும்.

இங்கேதான் ஒரு சிக்கல். வேகம் இரண்டு மடங்கு ஆனால், அந்தப் பரிவாரத்தைத் திருப்பிக் கொண்டுவரத் தேவையான விசை நான்கு மடங்கு ஆகும். 2,500 ஆர்.பி.எம்.மில் ஒழுங்காக வேலை செய்யும் சோம்பேறி ஸ்பிரிங், 5,000-த்தில் தாங்காது. கேம் முன்னால் போய்விடும், டாப்பெட் அந்தரத்தில் நிற்கும், வால்வு நேரத்துக்கு சீட்டில் வந்து உட்காராது. இதைத்தான் வால்வு ஃப்ளோட் என்கிறோம். வண்டி இழுக்காது, கடகடவென்று சத்தம் வரும், மிஸ்ஸிங் வரும். இதில் மோசமானது எக்ஸாஸ்ட் வால்வின் கதி. அது தன் சூட்டை முக்கியமாக சீட் வழியாகத்தான் இறக்கி வைக்கிறது. சீட்டில் ஒழுங்காக உட்காராத வால்வு கருகித்தான் போகும்.

(ஸ்பிரிங்கே வேண்டாம் என்று யோசித்தவர்களும் உண்டு. இத்தாலியில் ஃபாபியோ டாக்லியோனி என்ற டிசைனர் 1956-ல் டுகாட்டி ரேஸ் வண்டிக்கு, திறக்க ஒரு கேம், மூட ஒரு கேம் என்று வைத்தார். அதற்கு டெஸ்மோட்ரோமிக் என்று பெயர். அதற்கு நேர் எதிராக, மிகப் பழைய என்ஜின்களில் இன்லெட் வால்வுக்குக் கேமே கிடையாது. மெல்லிய ஸ்பிரிங் ஒன்று வைத்து, பிஸ்டன் உறிஞ்சும் உறிஞ்சலிலேயே வால்வு திறந்துகொள்ளும்படி விட்டார்கள். வைவாவில் கேட்டால் சொல்லலாம், சார் சந்தோஷப்படுவார்.)

இனி நம் புல்லட்டுக்கு வருவோம். 1955-ல் சென்னையில் என்ஃபீல்டு இந்தியா தொடங்கியது. திருவொற்றியூரில் தொழிற்சாலை வந்தது. இங்கிலாந்தில் பிறந்த டிசைன், இங்கே ஐம்பது ஆண்டுக்கு மேல் ஓடியது. 70 மி.மீ. போர், 90 மி.மீ. ஸ்ட்ரோக், 346 சி.சி. வார்ப்பிரும்பு பேரல், அதன் மேல் அலுமினிய ஹெட். 2010 வாக்கில் இந்த வார்ப்பிரும்பு என்ஜின் நிறுத்தப்பட்டு, புது வகை என்ஜின் வந்துவிட்டது. ஆனால் எங்கள் பக்கம் பழைய வண்டிகள் இன்னும் ஓடிக்கொண்டுதான் இருக்கின்றன. எல்லாம் அழகுக்காக வைத்திருப்பவை அல்ல. பால் கேன் சுமப்பவை, காய்கறி மூட்டை சுமப்பவை.

அப்படி ஒரு வண்டியில்தான் நான் இதையெல்லாம் கற்றுக்கொண்டேன். சனி, ஞாயிறுகளில் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் உள்ள ஒரு பட்டறையில் வேலை பார்க்கிறேன். ஃபீஸுக்கும் பஸ்ஸுக்கும் அதுதான். எங்கள் வீட்டில் பத்தாவதைத் தாண்டியது நான்தான். அப்பா மண்டியில் மூட்டை தூக்குகிறார். "ஸ்பிரிங் மாட்டுறதுக்கா மூணு வருஷம் படிக்கிற? அத பட்டறையில சும்மாவே கத்துக் குடுப்பாங்களே" என்று ஒரு நாள் அம்மா கேட்டார். நியாயமான கேள்விதான். எனக்கு உடனே பதில் சொல்ல வரவில்லை.

ஒரு சனிக்கிழமை பால்காரர் ஒருவர் தன் புல்லட்டைக் கொண்டுவந்தார். அவர் அப்பா காலத்து வண்டி. மூன்றாவது கியரில் முறுக்கி பஸ்ஸை ஓவர்டேக் பண்ணப் போனால் கடகடவென்று சத்தம், இழுவை செத்துவிடும். மெதுவாகப் போனால் ஒன்றும் இல்லை. இதற்கு முன் இரண்டு இடத்தில் ஹெட்டைப் பிரித்து, இரண்டு தடவையும் வால்வு கிரைண்டிங் செய்து, கடைசித் தடவை ஸ்பிரிங்கும் புதுசு மாட்டியிருக்கிறார்கள். இரண்டு தடவையும் முழுக் காசு கொடுத்திருக்கிறார். வண்டி நின்றால் காலை நாலரை மணிப் பால் நிற்கும். "இந்தத் தடவையும் சரியாகலேன்னா வித்துட வேண்டியதுதான்" என்றார். கழற்றிய பழைய ஸ்பிரிங்குகளைத் தூக்கிப் போடாமல் ஒரு பால் கவரில் போட்டு வைத்திருந்தார். அது எவ்வளவு பெரிய உபகாரம் என்று பின்னால் தெரிந்தது.

பட்டறை அண்ணன் முப்பது வருஷ அனுபவக்காரர். என்னைப் பார்த்து, "தம்பி, ஸ்பிரிங் புதுசு, சத்தம் மட்டும் பழசு. என்னன்னு சொல்லு பாப்போம்" என்றார். அவர் கண்ணுக்கு அப்போதே ஏதோ பட்டுவிட்டது. பேரலின் வலப்பக்கச் சின்ன மூடியைக் கழற்றச் சொன்னார். உள்ளே புஷ்ராடுகளின் அடிப்பகுதியில்தான் அட்ஜஸ்டர் இருக்கும். இரண்டுமே ஏறக்குறைய முழுக்க உள்ளே திருகப்பட்டிருந்தன. அதாவது புஷ்ராடைக் குட்டையாக்கிக்கொண்டே வந்திருக்கிறார்கள். "சீட்டு எறங்கிருச்சுடா" என்றார் அண்ணன்.

இதைக் கொஞ்சம் விளக்கமாகச் சொல்ல வேண்டும். இந்தக் கட்டுரையே இதற்காகத்தான். வால்வையும் சீட்டையும் ஒவ்வொரு தடவை தேய்க்கும்போதும், கட்டர் போட்டு வெட்டும்போதும், வால்வு ஹெட்டுக்குள் இன்னும் கொஞ்சம் புதைந்து உட்காரும். வால்வின் தலை எவ்வளவு உள்ளே போகிறதோ, அதன் தண்டு மறுபக்கம் அவ்வளவு வெளியே நீளும். தண்டின் நுனியில்தானே லாக்கும் மேல் கப்பும் இருக்கின்றன? அவையும் மேலே போகும். ஸ்பிரிங்கின் அடி ஹெட்டில் நிற்கிறது, மேல்முனை உயர்ந்துவிட்டது. ஆகவே ஸ்பிரிங் இருக்கும் இடம் நீளமாகிவிட்டது. நீளமான இடத்தில் உட்கார்ந்த ஸ்பிரிங் எவ்வளவு புதுசாக இருந்தாலும் அமுக்கம் குறைந்துதான் இருக்கும். ஸ்பிரிங்கின் பலம் அது எவ்வளவு அமுங்கியிருக்கிறது என்பதில் இருக்கிறது. இந்த மாட்டிய நீளத்தை அளக்காமல் புது ஸ்பிரிங் போடுவது, கால் அளவு பார்க்காமல் புதுச் செருப்பு வாங்குவது மாதிரி.

ஹெட்டை இறக்கினோம். புல்லட்டில் ராக்கர்களைத் தாங்கும் பிளாக்குகள் இரண்டு பாதியாகப் பிரியும். ஒன்றோடு ஒன்று மாறக் கூடாது, எனவே கழற்றியவுடன் ஜோடி ஜோடியாகக் கட்டி வைக்கவும். வால்வு தண்டின் உச்சியில் சின்னத் தொப்பி ஒன்று இருக்கும். ஸ்குரூ டிரைவரால் நெம்பினால் வந்துவிடும். அதை ஒரு டப்பாவில் போடவும், தொலைந்தால் கடை கடையாக அலைய வேண்டும். பிறகு சி கிளாம்ப் மாதிரி உள்ள வால்வு லிஃப்டரால் ஸ்பிரிங்கை அமுக்கினால், இரண்டு பாதியாக உள்ள லாக் கழன்று வரும். முகத்தை நேராக மேலே வைத்துக்கொண்டு செய்யாதீர்கள். லிஃப்டர் வழுக்கினால் கப்பும் லாக்கும் தோட்டா மாதிரி கிளம்பும். ஒரு பழைய துணியை மேலே மூடிக்கொள்வது எங்கள் பட்டறை வழக்கம்.

இனி அளவு. ஸ்பிரிங்கே இல்லாமல் வால்வு, அடி வாஷர், மேல் கப், லாக் இவற்றை மட்டும் மாட்டி, கப்பைக் கையால் மேலே இழுத்துப் பிடித்து, வாஷருக்கும் கப்பின் அடிப்பக்கத்துக்கும் உள்ள தூரத்தை வெர்னியரில் எடுத்தேன். (நம் ஃபர்ஸ்ட் இயர் மெட்ராலஜி நோட்டில் எழுதி எழுதி வெறுத்த அதே வெர்னியர்.) எக்ஸாஸ்டில், இருக்க வேண்டிய நீளத்தைவிட சுமார் 2 மி.மீ. அதிகம். இன்லெட்டில் சுமார் 1 மி.மீ. அண்ணன் கையால் தடவிச் சொன்னதை வெர்னியர் எண்ணாகச் சொன்னது. எண் கையில் இருந்தால்தான் எத்தனை மி.மீ. ஷிம் போடுவது என்று முடிவு செய்ய முடியும். அண்ணனே, "இதுக்குத்தான் உன்ன வெச்சிருக்கேன்" என்றார்.

அதோடு விஷயம் முடியவில்லை. பால் கவரில் இருந்த பழைய ஸ்பிரிங்கையும் புது ஸ்பிரிங்கையும் நுனியோடு நுனி சேர்த்து, நடுவில் ஒரு தட்டை வாஷர் வைத்து, பெஞ்ச் வைஸில் மெதுவாக இறுக்கினோம். இது பழைய மெக்கானிக்குகளின் தராசு. இரண்டின் மேலும் ஒரே விசைதான் விழுகிறது, ஆகவே பலவீனமானது அதிகம் அமுங்கும். அமுங்கியது எது தெரியுமா? புதுசு! பழசு கொஞ்சம் நீளம் குறைந்திருந்தாலும் விறைப்பாகத்தான் இருந்தது. வெர்னியரால் கம்பியை அளந்தால் பழசு 4 மி.மீ., புதுசு 3.9 மி.மீ. பத்தில் ஒரு மில்லிமீட்டர். கண்ணுக்குத் தெரியவே தெரியாது.

இதில்தான் நம் ஸ்ட்ரெங்த் ஆஃப் மெட்டீரியல்ஸ் வருகிறது. சுருள் ஸ்பிரிங்கின் விறைப்புக்கு ஒரு சூத்திரம் படித்தோமே, மறந்திருக்காது. மேலே கம்பி விட்டத்தின் நாலாம் படியும் உலோகத்தின் விறைப்பு மாடுலஸும் வரும். கீழே சுருளின் சராசரி விட்டத்தின் மூன்றாம் படியும், வேலை செய்யும் சுற்றுகளின் எண்ணிக்கையும், எட்டும் வரும். நாலாம் படி என்பதைத்தான் கவனிக்க வேண்டும். 4-இன் நாலாம் படி 256. 3.9-இன் நாலாம் படி 231. கம்பி இரண்டரை சதம் மெலிந்தால் விறைப்பு பத்து சதம் போய்விடுகிறது. பரீட்சைக்கு மனப்பாடம் செய்தபோது அந்த நாலு எனக்கு வெறும் நாலாகத்தான் இருந்தது.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். வசதிக்காக வெளி ஸ்பிரிங்கை மட்டும் எடுத்து, அளவுகளை முழு எண்ணாக்கிக்கொள்கிறேன். இவை கம்பெனி அளவுகள் அல்ல. சராசரி விட்டம் 28 மி.மீ., வேலை செய்யும் சுற்று 5, கம்பி 4 மி.மீ., மாடுலஸ் 80,000 என்று போட்டால் விறைப்பு மி.மீ.க்கு 23 நியூட்டன் வரும். சும்மா இருக்கும்போது 48 மி.மீ. நீளம், மாட்டியபின் 40 மி.மீ. என்றால் 8 மி.மீ. அமுங்கியிருக்கிறது. வால்வு மூடியிருக்கும்போது விசை 184 நியூட்டன். இப்போது மெலிந்த ஸ்பிரிங்கை, 2 மி.மீ. இறங்கிய சீட்டில் போடுங்கள். விறைப்பு 21, அமுக்கம் 6 மி.மீ.தான். விசை 126 நியூட்டன். மூன்றில் ஒரு பங்குக்குக் கொஞ்சம் குறைவாகப் போய்விட்டது. அதுவும் கடையில் பாக்கெட் பிரித்து எடுத்த புத்தம் புது ஸ்பிரிங்கில்! அந்த மனுஷர் இரண்டு தடவை காசு கொடுத்தும் சத்தம் போகாததற்கு இதுதான் காரணம்.

செய்ய வேண்டியதைச் சரியாகச் செய்தால், ஹெட்டில் சீட் ரிங்கையே மாற்ற வேண்டும். வால்வு பழைய இடத்துக்கு வந்துவிடும், எல்லா அளவும் தானாகச் சரியாகும். அதற்கு ஹெட்டை வெளியூர் மெஷின் ஷாப்புக்கு அனுப்ப வேண்டும், வண்டி நாலைந்து நாள் நிற்கும், செலவும் ஜாஸ்தி. பால்காரரிடம் இரண்டையும் சொன்னோம். "இப்ப முடியாது தம்பி, தீவாளிக்கு மேல பாப்போம்" என்றார். எனவே அதுவரைக்கும் ஷிம். என் கருத்தில் இது அரை வைத்தியம்தான். ஸ்பிரிங் விசை திரும்பிவிடும், ஆனால் புதைந்த வால்வு புதைந்ததுதான். வாயு போகும் வழி கொஞ்சம் மறைந்தே இருக்கும். இன்னும் ஒரு தடவை கிரைண்டிங் செய்ய இடமும் இல்லை, புஷ்ராடு அட்ஜஸ்டரும் எல்லைக்கு வந்துவிட்டது. இதையும் அவரிடம் ஒளிக்காமல் சொல்லித்தான் வேலையை ஆரம்பித்தோம்.

ஷிம் என்றால் ஹார்டுவேர் கடை வாஷர் அல்ல. அது ஸ்பிரிங்கின் அடியில் நசுங்கித் தேய்ந்து, தூள் எண்ணெயில் கலக்கும். கடினமாக்கிய எஃகு ஷிம்தான் போட வேண்டும். எக்ஸாஸ்டுக்கு 2 மி.மீ., இன்லெட்டுக்கு 1 மி.மீ. என்று வாங்கினோம். ஸ்பிரிங் செட்டும் நல்ல இடத்தில் புதிதாக வாங்கி, கடையிலேயே வெர்னியர் வைத்துக் கம்பியை அளந்தேன். கடைக்காரர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். பார்க்கட்டும்.

ஷிம் போடுபவர்கள் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். ஆசைக்கு ஷிம் அடுக்கினால், வால்வு முழுசாகத் திறக்கும்போது சுருளோடு சுருள் முட்டிக்கொள்ளும். ஸ்பிரிங் அப்போது ஸ்பிரிங் இல்லை, வெறும் இரும்புக் குழாய். கேம் விடாமல் தள்ளும், புஷ்ராடு வளையும், இல்லையென்றால் லாக் பிய்த்துக்கொள்ளும். லாக் போனால் வால்வு சிலிண்டருக்குள் விழுந்து பிஸ்டனைக் குத்தும். மேலே போட்ட கணக்கிலேயே பாருங்கள்: மொத்தம் 7 சுற்று என்றால் முழுக்க அமுங்கிய நீளம் 28 மி.மீ. மாட்டிய நீளம் 40, வால்வு திறப்பு 8 என்றால் 32-ல் நிற்கும். 4 மி.மீ. மிச்சம் இருக்கிறது, கவலை இல்லை. கடைசியில் குறைந்தது ஒரு மி.மீ.யாவது மிச்சம் இருக்க வேண்டும் என்பது பொதுவான கணக்கு. உள் ஸ்பிரிங்குக்கும் இதைத் தனியாகப் பார்க்க வேண்டும்.

உள் ஸ்பிரிங் என்றதும் ஞாபகம் வருகிறது. புல்லட்டில் ஒவ்வொரு வால்வுக்கும் ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு ஸ்பிரிங். ஒன்று உடைந்தாலும் மற்றது வால்வை விழாமல் பிடித்துக்கொள்ளும் என்பது ஒரு லாபம். இரண்டின் இயல்பான அதிர்வும் வேறு வேறாக இருப்பதால் ஒன்றின் நடுக்கத்தை மற்றது அடக்கும் என்பது இன்னொன்று. இப்படி ஜோடியாக வரும் ஸ்பிரிங்குகளில் வெளி ஸ்பிரிங் ஒரு பக்கம் சுற்றியிருந்தால் உள் ஸ்பிரிங் எதிர்ப்பக்கம் சுற்றியிருப்பதுதான் வழக்கம். ஒரே பக்கம் சுற்றினால், உடைந்த துண்டு மற்றதன் இடுக்கில் திருகு மரை மாதிரி நுழைந்துவிடும். சில செட்டுகளில் ஒரு முனையில் சுருள் நெருக்கமாக இருக்கும். அந்த முனை கீழே, ஹெட் பக்கம் வர வேண்டும். அசையாத பக்கத்தில் கனம் இருந்தால் ஸ்பிரிங் தூக்கிக்கொண்டு ஆட வேண்டிய எடை குறையும்.

மாட்டுவது இதற்குமேல் சுலபம். வால்வு தண்டில் என்ஜின் ஆயில் தடவி கைடில் விடவும். ஷிம், அடி வாஷர், இரண்டு ஸ்பிரிங், மேல் கப். லிஃப்டரால் தேவையான அளவு மட்டும் அமுக்கவும். ஒரேயடியாக அமுக்கினால் கப் சாய்ந்து தண்டில் கீறும். லாக்கின் மெல்லிய பக்கம் கீழே வரவேண்டும். அந்தச் சின்ன இரண்டு பாதியும் விரலில் நிற்காது, தண்டின் பள்ளத்தில் கொஞ்சம் கிரீஸ் வைத்தால் ஒட்டிக்கொள்ளும். லிஃப்டரை மெள்ள விட்டபின், தண்டின் தலையில் மரச் சுத்தியால் இரண்டு தட்டுத் தட்டவும். லாக் சரியாக உட்காராமல் இருந்தால் அப்போதே துணிக்கடியில் கழன்றுகொள்ளும். ரோட்டில் கழல்வதைவிட அது மேல். பிறகு ஹெட்டைச் சாய்த்து, போர்ட்டில் மண்ணெண்ணெய் ஊற்றி வால்வு ஓரம் கசிகிறதா என்று பார்க்கவும்.

ஹெட்டை ஏற்றியபின் டாப்பெட் அட்ஜஸ்ட். என்ஜின் ஆறியிருக்க வேண்டும், பிஸ்டன் கம்ப்ரெஷனில் உச்சியில் இருக்க வேண்டும். புஷ்ராடு விரலால் தாராளமாகச் சுற்ற வேண்டும், ஆனால் மேலும் கீழும் ஆடக் கூடாது. பழைய புல்லட்டுக்கு இவ்வளவுதான், ஃபீலர் கேஜ் தேடி ஓட வேண்டாம்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அண்ணன் பின்சீட்டில் என்னை வைத்துக்கொண்டு பைபாஸில் மூன்றாவது கியரில் ஏற்றினார். ஒன்றும் பேசவில்லை, நாலாவது போட்டார். பால்காரர் மறுநாள் காலை வழக்கம்போல் லைனுக்குப் போனார். முன்னூறு கிலோ மீட்டர் ஓடியபின் ஹெட் நட்டுகளை மறுபடி இறுக்கி, டாப்பெட்டைப் பார்த்துக் கொடுத்தோம். சீட் ரிங் வேலை இன்னும் பாக்கி இருக்கிறது, தீபாவளிக்குப் பிறகு.

அந்த 3.9 மி.மீ. ஸ்பிரிங்கையும் பழைய 4 மி.மீ. ஸ்பிரிங்கையும் அவரிடம் கேட்டு வாங்கி வைத்திருக்கிறேன். நம் லேபில் உள்ள ஸ்பிரிங் டெஸ்டிங் மெஷினில் போட்டு, சூத்திரத்தில் வந்த எண்ணும் மெஷின் காட்டும் எண்ணும் எவ்வளவு ஒத்துப்போகின்றன என்று பார்க்க லேப் சாரிடம் அனுமதி கேட்டிருக்கிறேன். புதன்கிழமை மதியம் வரச் சொல்லியிருக்கிறார். கூட வர விரும்புபவர்கள் கால்குலேட்டரோடு வரவும்.